அட்வென்சர் டூரிங் பைக் வாங்குவதும் அதோடு வாழ்வதும்: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

2024 தொடக்கத்தில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கினேன். தாரிலும் கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரம் போகச் செய்த அட்வென்சர் டூரிங் பைக் அது. சேலத்தில் இருக்கிறேன். வேலைக்குப் போவதும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதும் அதில்தான். 26,000 கி.மீ தாண்டிவிட்டது. பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. முழு பதில்களை இங்கே எழுதுகிறேன்.

புல்லட்டிலேயே லடாக் போய் வருகிறார்களே, இந்த வகை வண்டி எதற்கு?

தாராளமாகப் போகலாம். ஸ்கூட்டரில் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம், தார் முடிந்த பிறகுதான் தெரியும். ஹிமாலயன் 450-இல் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் 200 மி.மீ வரை அமுங்கி எழும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 230 மி.மீ இடைவெளி. முன் சக்கரம் 21 இன்ச். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளைத் தொட்டபடி கடந்துவிடும். அதனால் 17 இன்ச் சக்கரத்தில் கையை உதறவைக்கும் குழி, இதில் ஒரு சின்ன அசைவாகப் போய்விடும். இதற்கு விலையும் உண்டு. பெரிய சக்கரம் வளைவில் மெதுவாகத்தான் திரும்பும். கேடிஎம் டியூக் மாதிரி தார் ரோட்டு வண்டியிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும்.

நெடுஞ்சாலையில் மட்டும், தார் ரோட்டில் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் இந்த வகை தேவையில்லை. அதே பணத்தில் இன்னும் தாழ்வான, வசதியான டூரிங் வண்டிகள் இருக்கின்றன.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். கால் எட்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் உயரம் 5 அடி 5, அதனால் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஹிமாலயன் 450-இன் இருக்கை 825 மி.மீ உயரம். அதை 845-க்கு ஏற்றிக்கொள்ளலாம். தனியாக விற்கும் தாழ்வான சீட்டைப் போட்டால் 805 வரை இறங்கும். 825-இல் எனக்கு இரண்டு காலும் நுனிவிரல் மட்டும்தான் படும். ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இடது கால் முழுதாகப் பதியும், வலது கால் பிரேக்கில் இருக்கும். சிக்னலில் அது போதும். சமதரையில் யாராலும் பழகிவிட முடியும்.

சிக்கல் சமதரையில் வருவதில்லை. கால் ஊன்றும் இடத்தில் தரை சரிந்திருந்தால், அது இரண்டு அங்குலம் கீழே போய்விடும், கால் காற்றில் நிற்கும். வாங்கி மூன்றாவது மாதம் கொல்லிமலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்தது. நான் நின்றேன், வளைவின் உள்பக்கம் காலை ஊன்றினேன், அங்கே தரை இல்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டது. எனக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் 196 கிலோவைத் தூக்க எனக்கு அப்போது தெரியாது. பேருந்தின் கண்டக்டரும் இரண்டு பயணிகளும் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். அவர்கள் வந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்ற எண்ணம் அன்று ஊர் திரும்பும் வரை விடவில்லை.

அதன் பிறகு இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று, சரிவில் நிற்பதற்கு முன்பே எந்தக் கால் மேட்டுப்பக்கம் என்று பார்த்துவிட வேண்டும், அந்தக் காலைத்தான் ஊன்ற வேண்டும். இரண்டாவது, விழுந்த வண்டியைத் தூக்கும் முறை. எஞ்சினை அணைத்து, கியரில் விடுங்கள், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், தூக்கும்போது அந்தப் பக்கம் சாய்ந்து போகாமல் அது தாங்கும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் பின்புறத்தை வைத்துக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பாரின் கீழ்நுனியில், இன்னொரு கை பின்பக்கக் கைப்பிடியில். முதுகு நேராக, கால் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கித் தள்ளி எழுங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கினால் வண்டி எழாது, இடுப்புதான் போகும்.

என் கருத்தில், உங்களுக்கான வண்டி எது என்று முடிவு செய்ய வேண்டியது இதுதான்: ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய வண்டி. குதிரைத்திறனும் திரையும் அதற்குப் பிறகு. வாங்கும் முன், நண்பர் ஒருவரின் வண்டியை மண் தரையில் மெதுவாகப் படுக்கவைத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே தூக்கிப் பாருங்கள்.

அப்படியென்றால் எது வாங்கலாம்?

எடை உங்களுக்குப் பயமாக இருந்தால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இரண்டையும் பாருங்கள். இரண்டும் 170 கிலோவை ஒட்டியவை. எக்ஸ்பல்ஸ் மண்ணிலும் கல்லிலும் பழகுவதற்கு நல்ல ஆசிரியர். வி-ஸ்ட்ராம் தார் ரோட்டுப் பயணத்துக்கு. இரண்டிலும் இருக்கை 830 மி.மீ-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆனால் வண்டி லேசாக இருப்பதால் நுனிக்காலில் நிற்பது பயமாகத் தெரியாது. உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

நடுவில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 இருக்கிறது, 2025 அக்டோபரில் வந்தது, 36 குதிரைத்திறன், 180 கிலோ. பெரும்பாலும் தார், எப்போதாவது மண் என்பவர்களுக்கு நியாயமான வண்டி. கேடிஎம் 390 அட்வென்சர் வேகம் விரும்புபவர்களுக்கு. ஹிமாலயன் 450-இல் 452 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ராயல் என்ஃபீல்டு செய்த முதல் நீர்க்குளிர்வு எஞ்சின் இது. சுமையோடு ஏற்றத்தில் இழுப்பதும், நாள் முழுக்க 100-இல் அலுக்காமல் ஓடுவதும் இதன் பலம்.

இந்தப் பட்டியலில் உள்ள இரண்டு நிறுவனங்கள் நம் ஊர்க்காரர்கள். ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கி இன்று ஒரகடத்திலும் வல்லத்திலும் வண்டி செய்கிறது, டிவிஎஸ் ஓசூரில். நம் மலைப்பாதைகளில் ஓடும் வண்டிகளை நம் ஊரிலேயே செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

ஷோரூம் விலைக்கும் கையில் வரும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். இது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே, அதாவது ஆயுள் வரியும் காப்பீடும் சேர்க்காத ஷோரூம் விலைக்குள்ளேயே வந்துவிடும். அதனால்தான் நான் வாங்கியபோது 2.85 லட்சத்தை ஒட்டி இருந்த ஹிமாலயன் இப்போது 3 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாற்றியதிலிருந்து 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புது இருசக்கர வாகனங்களுக்கு 12 சதவீதம். அப்புறம் காப்பீடு. புது வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 5 ஆண்டுக்குச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம் விலையுள்ள 300 சிசி வண்டி, 3 லட்சம் விலையுள்ள 450 சிசி வண்டி. ஷோரூமில் வித்தியாசம் 1 லட்சம். வரியில் இன்னொரு 12,000, மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 9,100. ரோட்டுக்கு வரும்போது வித்தியாசம் 1,21,000 ஆகிவிடுகிறது. சொந்த சேதத்துக்கான காப்பீடு இதில் சேரவில்லை.

ஆன்-ரோடு விலையை, அதாவது எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும் விலையை, ஒரே மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்து, அந்தத் தொகையைச் சொன்னாலே பல இடங்களில் குறைத்துவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று: பட்ஜெட் 4 லட்சம் என்றால் வண்டிக்கு 4 லட்சம் போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், கிராஷ் கார்டு, லக்கேஜ் ரேக் எல்லாம் சேர்ந்து எனக்கு 45,000-க்கு மேல் ஆனது. இதில் மிச்சம் பிடிப்பது வண்டியின் வேரியன்டில்தான் இருக்க வேண்டும், ஹெல்மெட்டில் இருக்கக் கூடாது.

டெஸ்ட் ரைடில் என்ன பார்க்க வேண்டும்?

வேகம் பார்க்காதீர்கள். யு-டர்ன் போட்டுப் பாருங்கள், வண்டியை உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பாருங்கள், உங்கள் வீட்டு வாசல் சரிவு மாதிரி ஒரு இடத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு ஓட்டும்போது ஹேண்டில்பார் எட்டுகிறதா, முதுகு குனிகிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் அரை மணி நேரமாவது உட்காருங்கள். சீட் குத்துவது பத்து நிமிடத்தில் தெரியாது.

டெலிவரி எடுக்கும் நாளில்?

பதிவு செய்வதற்கு முன்பே போய் வண்டியைப் பாருங்கள், பதிவானபின் மாற்றித் தரச் சொல்வது கடினம். சேசிஸ் எண், எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா, தயாரிப்பு மாதம் எது, ஸ்போக் எல்லாம் ஒரே இறுக்கமா, கூலன்ட் அளவு, பெயின்ட் கீறல். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு சாவியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை போட்டுப் போட்டோ எடுப்பதெல்லாம் அதன் பிறகு.

முதல் 500 கி.மீ எப்படி ஓட்டுவது?

கையேட்டில் சொல்லியிருக்கும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எல்லையைத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். புது டயர் வழுக்கும், புது பிரேக் உடனே பிடிக்காது, அதையும் மனதில் வையுங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும்.

தினமும் ஆபீஸுக்கு இதில் போக முடியுமா? சூடு? மைலேஜ்?

போகலாம், நானே போகிறேன். மே மாதம், சேலம் ஐந்து ரோடு சிக்னல், மதியம் என்று மூன்றும் சேரும்போது ரேடியேட்டர் விசிறி ஓடி, வெந்நீர் ஆவி மாதிரி கால்மேல் காற்று அடிக்கும். அது எஞ்சின் தன் வேலையைச் செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை. வேட்டியோ அரைக்கால் சட்டையோ போட்டு ஓட்டினால் கஷ்டம்.

எனக்கு ஊருக்குள் 25, நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 30 கி.மீ கிடைக்கிறது. மாதம் 1,000 கி.மீ ஓட்டுபவருக்கு 36 லிட்டர் என்று வையுங்கள், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 3,600. பின் டயர் எனக்கு 14,000 கி.மீ வந்தது.

பார்க்கிங்தான் தினசரித் தலைவலி. அகலமான ஹேண்டில்பார், உயரம், எடை. திருமண மண்டபத்திலோ மார்க்கெட்டிலோ மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் வெளியே எடுக்க ஆள் தேட வேண்டும். எப்போதும் வெளியேறும் திசை பார்த்து, சரிவில் முன்சக்கரம் மேட்டுப்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

இப்போது வாங்குகிறீர்கள் என்றால் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம், யோசிக்கவே வேண்டாம். ஹிமாலயனில் அது 2024 அக்டோபரில்தான் வந்தது. நான் வாங்கியது டியூப் டயரோடு.

வித்தியாசம் இதுதான். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் பிடுங்கிவிட்டு, துளையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் செருகி, காற்றடித்து பதினைந்து நிமிடத்தில் கிளம்பலாம். டியூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். சாலையோரம் இருக்கும் பஞ்சர் கடைக்காரர் கைதேர்ந்தவராக இருப்பார், ஆனால் அவரிடம் 21 இன்ச் டியூப் இருக்காது. டியூப் கிழிந்திருந்தால் ஒட்டவும் முடியாது. அதனால் என்னைப் போல டியூப் டயர் வைத்திருப்பவர்கள் முன்சக்கர டியூப் ஒன்று, பின்சக்கர டியூப் ஒன்று, அச்சு நட்டுக்கான ஸ்பேனர், டயர் லீவர் இரண்டு எப்போதும் பையில் வைத்திருங்கள். ஸ்பேனர் இல்லாததால் கடையைக் கண்டுபிடித்தும் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

மனைவியோடு டபுள்ஸ் போகலாமா?

போகலாம். ஆனால் ஏறும் முறையை மாற்ற வேண்டும். ஸ்கூட்டரில் ஏறுவது போல எதிர்பாராமல் பின்னால் ஏறினால், நுனிக்காலில் நிற்கும் உங்களுக்குச் சமநிலை போய்விடும். நாங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நான் இரண்டு காலையும் ஊன்றி, முன்பிரேக் பிடித்து, "ஏறும்மா" என்று சொன்ன பிறகுதான் அவர் ஃபுட்ரெஸ்டில் கால் வைப்பார். இறங்கும்போதும் அப்படியே.

ஒருபக்கமாக உட்கார்வது இந்த உயரத்துக்கு ஆகவே ஆகாது. சேலை கட்டினாலும் இரண்டு பக்கம் கால் போடும்படி உடையைத் திட்டமிடுங்கள், சேலை கார்டைக் கழற்றிவிட்டு சாடில் பேக் ரேக் போடாதீர்கள். இரண்டு பேர் ஏறும்போது பின் சஸ்பென்ஷன் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கூட்டுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அப்புறம் வளைவில் வண்டி மிதக்கிறது, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கிறது என்று சொல்வார்கள்.

சாமான் எப்படிக் கட்டுவது?

கனமானவை கீழே, நடுவுக்கு நெருக்கமாக. டாப் பாக்ஸில் ரெயின்கோட், பிஸ்கட் போதும். அதில் டூல்ஸும் தண்ணீர்க் கேனும் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

மலைப்பாதையில் என்ன கவனிக்க வேண்டும்?

நமக்குக் கிடைத்திருக்கும் பாதைகள் வேறு மாநிலக்காரர்கள் தேடி வருபவை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கொல்லிமலையில் வளைவுகள் அடுத்தடுத்து வரும், கிளட்ச் கை வலிக்கும். வால்பாறையில் பனிமூட்டம், வரையாடு, யானை.

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் இறங்குவது, எஞ்சினை அணைத்து இறங்குவது இரண்டும் உயிரோடு விளையாடுவது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அது சட்டத்திலேயே இருக்கிறது. வளைவுக்குள் நுழையும் முன் ஹாரன், உங்கள் பாதியில் உங்கள் வண்டி.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். கிளம்பும் முன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை பாதை அடைப்பு. மசினகுடியில் இருட்டிவிட்டால் அங்கேயே தங்குவதுதான் ஒழுங்கு.

இப்படிப்பட்ட வண்டி வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகாவிட்டால் எப்படி?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஓடையில் வண்டியை இறக்கித் தண்ணீர் தெறிக்க வீடியோ எடுக்கிறார்களே, அந்த ஓடையில்தான் கீழே இருக்கும் ஊர் குடிக்கிறது. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையை டயர் உழுதுவிட்டால் அடுத்த மழையில் அது வாய்க்காலாகிவிடும். இதைப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

மண்ணில் பழக ஆசை என்றால் வேலை நடக்கும் சாலைகள், ஏரிக்கரை வண்டிப்பாதை, நண்பரின் தோட்டம் போதும். நின்றபடி, முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பழகுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்தில் மட்டும் அணைக்கும் வசதி இருக்கிறது. ஜல்லியிலும் மண்ணிலும் அது உதவும், தாருக்கு வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

காற்று தள்ளுமா?

தள்ளும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில் ஒருமுறை போய்ப் பாருங்கள், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று உடம்பில் தெரியும். வண்டி உயரம், பக்கவாட்டில் பெட்டி வேறு, பாய்மரம் மாதிரி ஆகிவிடும். 60-க்குக் குறைத்து, கையை இறுக்காமல், லாரியைத் தாண்டும் இடத்தில் கவனமாக இருங்கள். லாரி மறைப்பு முடிந்ததும் ஒரு அடி வரும்.

வீட்டில் என்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?

செயின். மற்றதெல்லாம் சர்வீஸ் சென்டர் பார்த்துக்கொள்ளும், செயினை நீங்கள்தான் பார்க்க வேண்டும். 500 கி.மீ-க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே. ஓட்டி வந்த சூட்டில் செயினுக்கான எண்ணெய் (லூப்) அடித்தால் உள்ளே இறங்கும். ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன்: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயினைத் துடைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதில் விரல் நுனியை இழந்தான். எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை காலையில் டயர் சூடாகும் முன் காற்று பாருங்கள். ரேடியேட்டரில் ஒட்டிய பூச்சியையும் மண்ணையும் மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

லடாக் எப்போது போகலாம்?

வாங்கிய மாதமே போகாதீர்கள். ஒரு மழைக்காலமாவது நம் ஊரில் ஓட்டுங்கள். வண்டியை ரயிலில் பார்சலாக டெல்லிக்கு அனுப்பலாம், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்சி நகல் வேண்டும். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்குங்கள். கர்துங் லாவில், 5,300 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும்தான்.

17 லிட்டர் டேங்க் அங்கேதான் அருமை தெரியும். மணாலியிலிருந்து போகும் வழியில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ' என்று எழுதி வைத்திருந்தது பிரபலம். லிட்டருக்கு 25 என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 425 கி.மீ வரும். இருந்தாலும் இரண்டு லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், வழியில் நிற்கும் இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

முதல் நீண்ட பயணம் எது?

வீட்டிலிருந்து 150 கி.மீ-க்குள் ஒரு மலை, ஒரு இரவு தங்கல். நான் ஏற்காட்டுக்குப் பிரதான சாலையில் ஏறி, மறுநாள் குப்பனூர் வழியாக இறங்கினேன். இறங்கி வந்ததும் லக்கேஜ் ரேக்கின் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், நான்கில் இரண்டு தளர்ந்திருந்தன.